நிழல் தீட்டும் தூரிகை

(நமது சங்கத்தின் கலை இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"சித்திரக் கலை" என்னும் பொதுத் தலைப்பில் அரை மணி நேரம் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. இங்கே முன் வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் அஜந்தாவையும் சிகிரியாவையும் எதிர்பார்ப்பார்கள். பின் வரிசையிலுள்ள என் தோழர்களோ, கைத்தொலைபேசியில் முகம் வரைந்தால் ஏன் அது பிளாஸ்டிக் பொம்மையைப் போல் வந்து தொலைகிறது என்று கேட்பார்கள். இரு சாராரையும் ஓரளவுக்கேனும் திருப்திப்படுத்த எண்ணி, சித்திரத்தில் நிழல் தீட்டுதல் என்னும் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிறு பகுதிதான். ஆனால் அதில் நான் ஒரு முறை முழுத் தோல்வி அடைந்திருக்கிறேன். ஆகையினால் அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் லயத்திற்கு அடுத்த லயத்தில் ஒரு மூதாட்டி காலமானார். கொழுந்துக் கூடையோடு வாழ்நாளைக் கழித்தவர். பதினாறாம் நாள் காரியத்திற்கு அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று மகன் என்னிடம் வந்தார். வீட்டில் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றே. அதுவும் மங்கிப் போயிருந்தது. நான் இரண்டு இரவு விழித்திருந்து கணினியில் ஒரு படம் தீட்டி, அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மா எப்ப இவ்வளவு செவப்பா இருந்துச்சு? மூஞ்சியில ஒரு கோடு கூட இல்லையே. இது யாரோ கலண்டர்ல உள்ள அம்மன் மாதிரி இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் உண்டாகியிராது.

நான் செய்த பிழை என்ன? மென்மையான விளிம்புடைய தூரிகை ஒன்றை எடுத்து, கன்னம், நெற்றி, கழுத்து என்று எல்லா இடத்தையும் அதனாலேயே தடவினேன். எங்கேனும் கோடு தெரிந்தால் அதைத் தேய்த்து மறைத்தேன். "வழவழப்பாக இருப்பதே நல்ல நிழல்" என்பது என் எண்ணம். நிழலின் வேலை வழவழப்பு உண்டாக்குவதன்று; உருட்சியை உண்டாக்குவது. தட்டையான தாளில் ஒரு கன்னம் நம்மை நோக்கிப் புடைத்து வரவேண்டும். அந்தப் புடைப்பை உணர்த்துவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் வழவழப்பும் ஒன்று, அவ்வளவே.

இது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் சித்திரசூத்திரம் என்றொரு பகுதி இருப்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். அதிலே நிழல் தீட்டுதலுக்கு "வர்த்தனை" என்று பெயர். அந்த வர்த்தனை மூன்று வகைப்படும் என்று நூல் கூறுகிறது. இலை நரம்பைப் போன்ற கோடுகளால் தீட்டுவது பத்ரஜம். மிக நுண்ணிய கோடுகளால் தீட்டுவது ஐரிகம். புள்ளி புள்ளியாக இடுவது பிந்துஜம். நண்பர்களே, இன்று கணினியில் படம் வரையும் மென்பொருள் ஒன்றைத் திறந்து அதன் தூரிகைப் பட்டியலைப் பாருங்கள். குறுக்குக் கோடு போடும் தூரிகை, மயிரிழைத் தூரிகை, புள்ளி தெளிக்கும் தூரிகை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பெயர்தான் வேறு.

நம் நாட்டுச் சிகிரியாச் சித்திரங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் தீட்டப்பட்ட அந்தப் பெண்ணுருவங்களின் தோளையும் கையையும் உற்று நோக்கினால், தூரிகையை ஒரு பக்கம் சற்று அழுத்தி இழுத்திருப்பது தெரியும். அழுத்திய பக்கம் நிறம் அடர்ந்து, விளிம்பை நோக்கிக் கருமை கூடுகிறது. ஒரே இழுப்பில் கோடும் நிழலும் கிடைத்துவிடுகின்றன. இன்று விற்கும் வரைபலகைப் பேனாக்கள் பலவற்றில் கையின் அழுத்தம் 8,192 படிகளாக அளக்கப்படுகிறது. சிகிரியாக் கலைஞன் கணக்கில்லாமல் செய்த அதே காரியத்தைத்தான் இந்தப் பேனாவும் செய்கிறது.

இனிக் கணினித் தூரிகை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். தெரியாமல் பிடித்தால் அது நம்மை ஏமாற்றிவிடும். அது தூரிகையே அன்று, ஒரு முத்திரை. நாம் பேனாவை இழுக்கும்போது அந்த முத்திரை ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாகக் குத்தப்படுகிறது. இடைவெளி மிகக் குறைவாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தொடர்ந்த கோடாகத் தோன்றுகிறது. முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் வன்மைத் தூரிகை. மங்கலாக இருந்தால் மென்மைத் தூரிகை.

அடுத்து, 'ஒபாசிட்டி' என்றும் 'ஃப்ளோ' என்றும் இரண்டு அளவுகள் உண்டு. எத்தனையோ பேர் இவ்விரண்டையும் ஒன்றென்றே கருதுகிறார்கள். போட்டோஷொப்பில் ஃப்ளோ என்பது ஒவ்வொரு முத்திரைக்கும் எவ்வளவு நிறம் ஒழுகும் என்பது. ஒபாசிட்டி என்பது பேனாவைத் தூக்காமல் இழுக்கும் ஓர் இழுப்பு முழுவதற்கும் உள்ள மேல் எல்லை. ஒபாசிட்டியை 30 சதவீதமாக வைத்தால், தூக்காமல் எத்தனை தடவை தேய்த்தாலும் நிறம் 30க்கு மேல் ஏறாது. தூக்கி மறுபடி வைத்தால்தான் ஏறும்.

இதிலே ஒரு சிறு கணக்கு உண்டு. நமக்குப் பழக்கமான தேயிலைச் சாயத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளில் வெறுஞ்சாயத்தை ஒரு முறை பூசினால் வெளிறிய மஞ்சள். காய்ந்தபின் அதே இடத்தில் மறுபடி பூசினால் சற்றுப் பழுப்பு. மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம். கணினியில் 20 சதவீதத்தில் ஒரு நிறத்தைப் பூசினால் முதல் பூச்சில் 20. இரண்டாவதில் 40 என்று நினைப்போம், ஆனால் 36 தான். மிஞ்சியிருக்கும் 80இல் அல்லவா அடுத்த 20 சதவீதம் விழுகிறது! மூன்றாவதில் ஏறத்தாழ 49, நான்காவதில் 59, ஐந்தாவதில் 67. ஏற்றம் வரவரக் குறைகிறது. இதனாலேதான் மெல்லிய பூச்சைப் பலமுறை பூசுபவனுக்கு நிழல் தானாகவே இதமாகப் படிகிறது. ஒரே பூச்சில் முழுக் கருமையை வைப்பவனுக்குத் திட்டாக நிற்கிறது. கைத்தொலைபேசியில் விரலால் வரையும் தோழர்கள் மனம் தளரவேண்டாம். ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலிகளில் அழுத்தம் இல்லாவிட்டால் என்ன? இந்தப் பூச்சுக் கணக்கு இருக்கிறது. அளவைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

வழவழப்பான நிழலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சாதாரணப் படங்களில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உள்ளன. அகன்ற வானத்தில் 40ஆம் படியிலிருந்து 60ஆம் படி வரை நிறம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 புள்ளி அகலத்திற்கு 20 படிகள். ஒவ்வொரு படியும் 50 புள்ளி அகலப் பட்டையாக நிற்கும். மலைச்சரிவில் தேயிலை வரிசையைப் பார்ப்பதுபோல், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். கிரீட்டா என்னும் மென்பொருளில் வண்ணத்திற்கு 65,536 படிகள் வைத்தும் வரையலாம். அது இலவசம், சுவீடிய மொழியில் அப்பெயருக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். ஆனால் திரை காட்டுவது பெரும்பாலும் 256 படிதானே? அதற்குப் பரிகாரம் சொரசொரப்பு. நிறத்தின்மேல் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்மணிகளைத் தூவிவிட்டால் பட்டையின் விளிம்பு உடைந்து, கண் அதை வழவழப்பாக ஏற்றுக்கொள்கிறது. வழவழப்பைக் காப்பாற்றுவதற்கே சொரசொரப்புத் தேவைப்படுகிறது!

இதனை நம் முன்னோர் வீட்டுச் சுவரிலேயே காணலாம். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமி, சரஸ்வதி படங்களைக் கல்லச்சில் அடித்துப் பரப்பினார். அந்தப் பழைய படம் யார் வீட்டிலாவது இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கன்னத்தின் இதமான நிழல் முழுவதும் சின்னஞ்சிறு புள்ளிகள். அச்சுக் கல்லின் முகத்தை மணலிட்டு அராவி நுண்மணி உண்டாக்கி, அதன்மேல் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைவார்கள். மேட்டில் பட்டது படியும், பள்ளத்தில் படாது. இன்றைய மென்பொருள்களில் தூரிகைக்குத் தாளின் சொரசொரப்பைச் சேர்ப்பதும் இதே தத்துவந்தான். இங்கே ஒரு குறிப்பு: சொரசொரப்பு தூரிகையோடு சேர்ந்து நகர்வது ஒன்று, தாளோடு நிலையாக நிற்பது ஒன்று என இருவகை உண்டு. கல்லச்சுப் போன்ற பொறுமையான நிழலுக்கு நிலையாக நிற்பதே உகந்தது. அப்போதுதான் பூச்சுமேல் பூச்சு வைக்கும்போது மணிகள் மேலும் மேலும் தெளிவடையும். மற்றதில் குழம்பி ஒரே சேறாகிவிடும்.

பேனாவும் மையும் மாத்திரம் கொண்டு நிழல் காட்டியவர்களுள் "சில்பி" என்று பெயர் பெற்ற பி. எம். ஸ்ரீநிவாசனை (1919–1983) நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆனந்த விகடனில் தென்னாட்டுச் செல்வங்கள் என்ற வரிசையில் கோயிற் சிற்பங்களை அவர் வரைந்தார். கருங்கல்லின் சொரசொரப்பும் அதே கல்லில் வடித்த தோளின் மென்மையும் அந்தப் படங்களில் ஒருங்கே தெரியும். கோடு உடம்பின் வளைவோடு வளைந்து செல்வதே அதன் இரகசியம். தோள் உருண்டால் கோடும் உருளும். இதைக் கணினியில் கடைப்பிடிக்காமல், எல்லா இடத்திலும் ஒரே திசையில் தூரிகையை இழுப்பதே இளைஞர்கள் பலரும் செய்யும் தவறு.

இனி, நமக்கு மிக அருகிலுள்ள ஒரு கதை. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பாடசாலைச் சரித்திரத்தில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று 1833ஆம் ஆண்டுக்கு எதிரே உருப்போட்டோமே, அந்தக் கமரனுடைய மனைவியார் இவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1875இல் இலங்கைக்கு வந்தவர். 1879 ஜனவரியில் இந்த மலைநாட்டிலேயே மறைந்தவர். புகைப்படக் கலையின் சரித்திரத்தில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவர் கால்மைல் தூரத்திலும் இலை எண்ணத்தக்க கூர்மையை விரும்பவில்லை. கண்ணாடி வில்லையைச் சற்றே விலக்கி, முகத்தை மெல்லிய மங்கலில் எடுத்தார். "இவருக்குக் கமராவைச் சரியாக வைக்கத் தெரியவில்லை" என்று அக்காலத்துப் புகைப்படக்காரர்கள் நகைத்தார்கள். ஆனால் 1867இல் அவர் எடுத்த வானநூலறிஞர் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். இருளிலிருந்து ஒரு வயோதிக முகம் வெளியே வருகிறது. மங்கல்தான், ஆயினும் நெற்றியின் ஒவ்வொரு சுருக்கமும் அங்கே இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சம் ஒன்றே சுருக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறது. தட்டில் மருந்து வழிந்த தாரையையும் கீறலையும் கூட அவர் அழிக்காமலே விட்டார்.

மென்மையும் சொரசொரப்பும் பகையல்ல என்பதை அந்தப் படத்திலேதான் நான் கற்றேன். இன்னொன்றையும் கவனித்தேன். அவ்வம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் மிஞ்சியவை சிலவே. அவற்றில் நம் தமிழ் உழைப்பாளர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கவிஞர் டெனிசன், அறிஞர் ஹெர்ஷல் என்று பெயர் உண்டு. இங்குள்ளவர்களில் அநேகருக்குப் பெயரில்லை. அதற்குப் பின்வந்த காலத்தில் கொழும்பில் விற்ற தபால் அட்டைகளிலும் "கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்" என்றே போட்டார்கள். 1823இல் நம் முன்னோர் வந்த கணக்கு வைத்து 2023இல் இருநூறு ஆண்டு கொண்டாடினோம். அவர்களுள் எத்தனை பேருடைய முகம், பெயரோடு நம்மிடம் இருக்கிறது? எனக்கு அந்த அடையாள அட்டையின் நினைவு வந்தது.

மறுபடி தீட்டுவதென்று முடிவு செய்தேன். காரியத்திற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

முதலாவது, நிறம். மென்பொருளில் "தோல் நிறம்" என்று ஆயத்தமாக இருந்த தட்டில் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலும் அதை ஒட்டியவையுமே இருந்தன. இது பழைய நோய். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொடாக் கம்பெனி வண்ணப் படச்சுருளைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் போதும். கறுத்த முகம் எப்படி விழுந்தாலும் கேட்பாரில்லை. ஆகவே நான் அந்தத் தட்டை மூடிவிட்டு, வாசலுக்கு வந்து என் சொந்தக் கையையே பார்த்தேன். கறுத்த தோலில் நிழலைவிட ஒளியே அதிகம் பேசுகிறது. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் ஒளி பளிச்சென்று சிறு அளவில் நிற்கும். வட்டவளையின் மழைமூட்டத்தில் அந்த ஒளி வெள்ளையன்று, சாம்பல் கலந்த நீலம். நிழலோ கறுப்பன்று, செம்பழுப்பு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றால் தாடைக்குக் கீழே மெல்லிய பச்சை கூட ஏறுகிறது. வெறுங்கறுப்பை நிழலுக்கு எடுத்தால் முகம் கரி பூசியதுபோல் செத்துவிடும்.

இரண்டாவது, முறை. மென்மைத் தூரிகையைக் கையிலெடுக்காமல், வன்மைத் தூரிகையால் ஒளி, நடு, நிழல் என மூன்றே தட்டையான பகுதிகளாக முகத்தைப் பிரித்தேன். இந்தக் கட்டத்தில் படம் அவலட்சணமாகத்தான் இருக்கும், பயப்படக்கூடாது. பிறகு மணி கொண்ட தூரிகையை 20 சதவீதத்தில் வைத்து, கன்னத்தில் கன்னத்தின் வளைவோடும் கழுத்தில் கழுத்தைச் சுற்றியும் குறுகிய இழுப்புகளாக வைத்தேன். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் பிறக்கும் இடைநிறத்தை உறிஞ்சியெடுத்து, அதனாலேயே மறுபடி அந்த எல்லையில் பூசினேன். தேய்த்துக் கலக்கும் கருவியை ஒரு தடவையும் தொடவில்லை. அது மணிகளையெல்லாம் மழுக்கிவிடும். மிஷன் பாடசாலையில் எங்களுக்குச் சித்திர பாடம் எடுத்த சிஸ்டர், கரிக்கோல் நிழலை விரலால் தேய்க்கும் பிள்ளைகளின் விரலில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார். பாண் துண்டை உருட்டிக் கொடுத்து, "ஒளி வேண்டிய இடத்தில் இதனால் ஒற்றி எடு" என்பார். அன்று அதன் அருமை எனக்கு விளங்கவில்லை.

மென்மைத் தூரிகையை அடியோடு ஒதுக்கிவிட்டேனா? இல்லை. பின்னால் தெரியும் மலைக்கு வைத்துக்கொண்டேன். காலையில் கலபொடவிலிருந்து புகையிரதத்தில் வருபவர்கள் பார்த்திருப்பீர்கள். கிட்டத்து மலை கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கப்பால் உள்ளது மூடுபனியில் கரைந்த சாம்பல். அதற்கு அந்தத் தூரிகையைவிடச் சிறந்தது இல்லை.

இவ்விடத்தில் பெரியவர்கள், "அப்படியானால் கலண்டரில் முருகனும் லட்சுமியும் வழவழவென்று இருப்பது பிழையா?" என்று கேட்கலாம். பிழையென்று நான் கருதவில்லை. கோவில்பட்டியிலிருந்த கொண்டையராஜு முதலியோர் தீட்டிய தெய்வப் படங்களில் கன்னம் தாமரை இதழ்போல் இருக்கும். தெய்வத்திற்கு மூப்பு இல்லை. வெயிலும் மழையும் அதன் மேனியில் எழுதுவதில்லை. அந்த வழவழப்பு அங்கே ஓர் உண்மையைச் சொல்கிறது. மனித முகத்திற்கு அதைப் பூசினால்தான் பொய்யாகிறது. ஆனால் கண்ணனையும் காளியையும் கறுப்பென்று வாயால் சொல்லிவிட்டுத் தூரிகையால் இளநீலம் பூசுகிறோமே, அதைப்பற்றி ஒரு நாள் இந்தச் சங்கத்தில் தனியே விவாதிக்கலாம். இன்று வேண்டாம், தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பதினாறாம் நாள் காலையில் இரண்டாவது படத்தைக் கொண்டுபோனேன். அடியில் அம்மூதாட்டியின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதியிருந்தேன். மகன் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோய் விளக்குக்குப் பின்னால் வைத்து மாலையைச் சரிசெய்தார். எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. அப்போது, இறந்தவரின் தங்கை, அவரும் எழுபதைத் தாண்டியவர், படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "அக்காதான்" என்றார். சிறிது நேரம் கழித்து என்னைக் கைகாட்டி அழைத்து, படத்தின் உச்சி நெற்றியில் விரலை வைத்து, "கூடைக் கயித்துத் தடம் எங்கே தம்பி?" என்று கேட்டார். தம் தலையிலிருந்த முந்தானையை விலக்கி, மயிர் தேய்ந்து அமுங்கியிருந்த அந்த இடத்தை எனக்குக் காட்டவும் செய்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் தலையை வாரி அதை மறைத்திருந்தார்கள் போலும்.

அன்றிரவே அதைச் சேர்த்தேன். பெரிய வேலையன்று. செம்பழுப்பில் ஓர் அகலமான இழுப்பு, 20 சதவீதத்தில் இரண்டு பூச்சு. பள்ளத்தின் கீழ் விளிம்பில் மாத்திரம் சாம்பல் நீலத்தில் மெல்லிய ஓர் ஒளிக்கோடு. அதன்மேல் ஐந்தாறு நரைமயிர். மறுநாள் புதுப் பிரதியைக் கொண்டுபோய் மாற்றி வைத்தேன்.

அந்தப் படத்தை அக்குடும்பத்தாரின் அனுமதியோடு இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பின் மேசையில் வைக்கிறேன். மூன்று கட்டங்களையும் தனித்தனியே அச்சிட்டு அருகில் வைத்திருக்கிறேன். கைத்தொலைபேசி கொண்டுவந்திருக்கும் தோழர்கள் அதே மேசைக்கு வாருங்கள், தூரிகை அளவுகளைச் சேர்ந்து பார்ப்போம்.